கை ஆடினால் சத்தம் போடும் பெட்டி

டாக்டர் சிங்கப்பூருக்குப் போய்த் திரும்பிய திங்கட்கிழமை காலையில், இரண்டு கையாலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளினிக் படியேறி வந்தார். கண் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். ஏதோ புதுக் கருவி வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்து, சாமான்களைக் கொதிக்கவைக்கும் மேசையில் இடம் ஒதுக்கினேன்.

"அங்கை வேண்டாம் பிள்ளை. உந்தக் கவுண்டரிலை வைப்பம்," என்றார். "இது பல்லுக்கு இல்லை."

மூடியில் ஒரு வண்டியின் படம் இருந்தது. சிறு பிள்ளைகள் கோத்து விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் செய்த வண்டி. அதன் நடுவில் மஞ்சள் நிறத்தில் கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி. அதிலிருந்து கறுப்பு ஒயர்கள் சக்கரங்களுக்குப் போயின. அந்த மஞ்சள் பெட்டிக்குள் சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது, நாம் சொல்லிக்கொடுப்பதை நினைவில் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டும் என்று டாக்டர் விளக்கினார். அவர் குரலில் சந்தோஷம் இருந்ததாக நான் நினைத்தேன். இன்று யோசித்துப் பார்த்தால் அது சந்தோஷமில்லை, அவசரம்.

மலாக்கா டவுனில், கடைவீட்டு மாடியில், ஒரே ஒரு நாற்காலி போட்ட பல் கிளினிக் அது. நான் அங்கே டாக்டரின் உதவியாளாகப் பல வருஷம் வேலை செய்தேன். படித்தது மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை. சுங்கை ரம்பாய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி பாயா ரும்புட்டுக்கு வந்தவள். பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டே கற்றது. டாக்டர் யாழ்ப்பாணக் குடும்பம். அவருடைய அப்பா காலத்திலேயே மலாயாவுக்கு வந்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர்கள். அவர் பேசும் தமிழ் முதல் வருஷம் எனக்குப் பாதிதான் விளங்கியது. நான் பேசியதும் அவருக்கு அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அது ஊரெல்லாம் பணத்துக்குத் திண்டாடிய சமயம். ஃபேக்டரிகளில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். பல் வலித்தால் ஜனங்கள் உப்புத்தண்ணீரில் கொப்பளித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் கிளினிக்கில் ஈ ஓட்டினோம். அந்த ஓய்ந்த பொழுதுகளில்தான் நாங்கள் கட்டைகளைக் கோக்க ஆரம்பித்தோம்.

இருவருக்குமே ஒன்றும் தெரியாது. கூட வந்த புத்தகத்தில் எழுத்தைவிடப் படங்கள் அதிகம். எந்தக் கட்டை எந்தக் குழியில் உட்கார வேண்டும் என்று படத்தைப் பார்த்து எண்ணி வைத்தும், பல்சக்கரம் ஒரு குழி தள்ளிப் போய்விடும். பிறகு மோட்டார் முனகும், சக்கரம் நகராது. கழற்றி மறுபடி கோப்போம். கவுண்டரில் இருந்த டாக்டரின் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒயர் செருகிய, கோபுரம் மாதிரியான ஒரு கறுப்புச் சாமான் இருந்தது. மஞ்சள் பெட்டியை அதன் முன்னால் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் கட்டளைகள் போய்ச் சேரும். கவுண்டர் விளக்கு நேராக விழுந்தால் சேராது. அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

முதல் வண்டி கிளினிக் தரையில் ஓடிய மத்தியானம் ஞாபகம் இருக்கிறது. முன்னால் மீசை மாதிரி இரண்டு தொடு சென்சார். நேராகப் போய் மருந்து அலமாரியில் முட்டி, பின்வாங்கி, திரும்பி, நாற்காலியின் அடியில் போய் முட்டி, மறுபடி திரும்பியது. பல்லைப் பிடுங்க வந்து பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்த மலாய்க்கார மக்சிக், நடுவயது அம்மா ஒருத்தி, காலைத் தூக்கிக்கொண்டு, பஞ்சோடு, "ரோபோட் கா, டாக்டர்?" என்று கேட்டு, சிரிக்கவும் முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்தக் கட்டளை எழுதும் வேலை பிடித்துப்போயிற்று. ஸ்கிரீனில் கட்டளைகளும் கட்டைகள் மாதிரியே இருக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டவைக்க வேண்டும். மோதினால் நில். நின்றால் பின்னே போ. வெளிச்சம் குறைந்தால் இடது பக்கம் திரும்பு. நான் ஒட்டவைத்தபடியே ஒரு சாமான் நடந்துகொள்கிறது என்பது எனக்குப் புதிது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் வண்டி ஏன் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை என்றே மனம் ஓடும். தரையில் கறுப்பு டேப் ஒட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போகும் வண்டி ஒன்றும் செய்தோம். வெளிச்சத்தைப் பார்க்கும் சென்சார் ஒன்றை வைத்து அதைச் செய்யலாம். மழைக்காலத்தில் ஒரு மாதிரி ஓடும். வெயில் அடித்தால் வேறு மாதிரி ஓடும். வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று இரண்டு கட்டளை எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன்.

லோரி ஓட்டும் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "டாக்டருக்கு வேலை இல்லையா? நாளைக்கு ஒனக்கும் இல்லாம போகப் போவுது பாரு."

"சும்மாலா. ஆளுங்க வராத நேரத்துலதான்."

"ஆளுங்க ஏன் வரல?"

அதற்கு எனக்குப் பதில் தெரியும். பணமுடை ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் டாக்டரின் வலது கை.

அவர் வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடி, சில மாதங்களாகவே நோயாளியின் பல்லில் தட்டிச் சத்தம் போட்டது. முதலில் மெல்ல. பிறகு படுத்திருப்பவர் கண்ணைத் திறந்து பார்க்கும் அளவுக்கு. பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் அடுத்த தடவை வரவில்லை. கட்டைகளைக் கோக்கும்போதும் பார்த்தேன். பெரிய கட்டைகளை அழுத்திவிடுவார். சின்னக் கறுப்பு ஆணிகளைக் குழியில் செருகும்போது நின்றுவிடுவார். பேசாமல் என் பக்கம் தள்ளுவார். நானும் பேசாமல் செருகுவேன்.

ஒருநாள் அவரே சொன்னார். சிங்கப்பூரில் பார்த்தது கண் டாக்டரை இல்லை. நரம்பு டாக்டரை. பார்க்கின்சன்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பே அவருக்குச் சந்தேகம். மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

"கொஞ்சக் காலம் பிடிச்சு வைக்கும். எவ்வளவு காலம் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

"ஆன்ட்டிக்குத் தெரியுமா டாக்டர்?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"தெரியும். மகனுக்குத்தான் இன்னும் சொல்லேல்லை."

பிறகு அவர் கவுண்டரில் இருந்த மஞ்சள் பெட்டியைக் கையில் எடுத்தார். "பிள்ளை, எனக்கு ஒண்டு செய்ய வேணும். நீர்தான் செய்து தர வேணும்."

அவர் கேட்டது இதுதான். குளிசை, அதாவது மாத்திரை, போட்டு அரை மணி நேரம் கழித்துக் கையை மேசைமேல் சும்மா வைத்திருப்பார். கை ஆடுகிறதா இல்லையா என்று பெட்டி சொல்ல வேண்டும். அவர் கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தையும் பெட்டி பார்க்க வேண்டும். ஆடவில்லை என்றால் அன்றைக்கு நோயாளியைப் பார்ப்பார். ஆடினால், நான் போன் போட்டு எல்லோரையும் வேறு நாள் வரச் சொல்ல வேண்டும்.

"என்ரை கையை நான் பார்த்தால், எனக்கு ஏத்த மாதிரித்தான் பார்ப்பன்," என்றார். "அது அப்பிடிப் பார்க்காது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றும் அடுத்த நாளும் அதைச் செய்தேன். வெளிச்ச சென்சாரை ஒரு சின்னச் சட்டத்தில் கீழே பார்க்கும்படி பொருத்தினேன். அதன் அடியில் கறுப்புத் தாள். அவர் சுட்டுவிரல் நுனியில், காயத்துக்குப் போடும் டேப்பால், வெள்ளை அட்டைத் துண்டு ஒன்று. விரல் அசையாமல் இருந்தால் சென்சாருக்கு வெள்ளை தெரியும். விலகினால் கறுப்பு தெரியும். கறுப்பு தெரிந்தால் பீப். அவ்வளவுதான் கட்டளை. நான் எழுதியதிலேயே சின்னது.

முதல் தடவை குளிசை போடாமல் வைத்துப் பார்த்தோம். பெட்டி நிறுத்தாமல் கத்தியது. தனித்தனிப் பீப் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திக்குவாயன் பேசுவது போல. டாக்டர் கையை எடுக்கவில்லை. விரலை அடக்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அடக்க அடக்க இன்னும் கூடியது. நான்தான் பட்டனை அமுக்கி நிறுத்தினேன்.

குளிசை போட்டு அரை மணி கழித்துக் கையை வைத்ததும் பெட்டி மௌனமானது. ஒரு பீப்கூட இல்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் நம்பிக்கை வந்தது. அன்று காலையில் மூன்று பேருக்குப் பல் அடைத்தார், கண்ணாடி ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

அப்படியே சில மாதங்கள் போயின. காலையில் நான் கிளினிக்கைத் திறந்து, கூட்டித் துடைத்து, பெட்டியை எடுத்து வைப்பேன். அவர் வந்து கையை நீட்டுவார். விரலில் அட்டையை ஒட்டுவேன். கீழே சீனன் கடையில் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கும். பெட்டி சும்மா இருந்தால் முதல் ஆளை உள்ளே அழைப்பேன்.

பிறகு பெட்டி சும்மா இருக்கும் நேரம் குறைந்தது. முன்பு மத்தியானச் சாப்பாடு வரை தாங்கிய குளிசை, பதினொரு மணிக்கே கைவிட்டது. அவர் நோயாளிகளைக் காலை நேரத்துக்கு நெருக்கினார். குளிசையைக் கூட்டினார். நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். அட்டையைக் கொஞ்சம் அகலமாக வெட்டினால் சின்ன ஆட்டத்துக்குப் பெட்டி கத்தாது. ஒரு காலையில் அப்படி வெட்டி எடுத்துவந்தேன். டாக்டர் அட்டையைப் பார்த்தார்.

"பழைய அளவிலேயே வெட்டும்."

"கொஞ்சந்தான் டாக்டர் வித்தியாசம்."

"அது எனக்குத் தெரியும். அதாலைதான் சொல்லுறன்."

பழைய அளவில் வெட்டினேன். பெட்டி கத்தியது. ஆட்களுக்குப் போன் போட்டேன்.

ஆன்ட்டி மத்தியானத்தில் சாப்பாட்டுக் கேரியரோடு வருவார். அவரிடம் பெட்டியை விளையாட்டுச் சாமான் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்டார். கதவைத் திறந்தவர், மேசைமேல் நீட்டிய கையையும், விரலில் ஒட்டிய அட்டையையும், கத்திக்கொண்டிருந்த பெட்டியையும் பார்த்தார். கேரியரைக் கவுண்டரில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "அதை நிப்பாட்டும் பிள்ளை," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காருக்குள் ஏறி, எஞ்சினைப் போடாமல், ஸ்டீரிங்கில் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்று நான் கேட்டுவிட்டேன். "டாக்டர், நிறுத்திடலாமே. வயசும் ஆவுது. மகன் ஆஸ்திரேலியாவுல கூப்பிடுறாரு…"

"நிப்பாட்டிப்போட்டு?"

நான் கேரியரைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"காலமை எழும்பி என்ன செய்யிறது எண்டு சொல்லும், நிப்பாட்டுறன்," என்றார்.

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு புதன்கிழமை. டுரியான் துங்காலிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தோட்டத்து வேலையை விட்டு, அங்கே ஒரு கேன்டீனில் சமையல் வேலைக்குப் போனவள். என் வயதுதான் இருக்கும். பின்பல் சொத்தை. நர்ஸ் அக்கா என்று என்னைக் கூப்பிட்டு, "ஊசி வலிக்குமா அக்கா?" என்று மூன்று தரம் கேட்டாள். பெட்டி அன்று காலை அமைதியாக இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது, சத்தமே இல்லை.

ஊசி போட்டார், மரத்துப்போனது. டிரில்லை எடுத்துப் பல்லில் வைத்தார், சரியாகத்தான் போனது. ஒரு பக்கம் முடித்துக் கையை நகர்த்த வேண்டிய இடத்தில், கை நகரவில்லை. ஆடவில்லை, நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடைய கையோ என்பது போல. கால் மட்டும் டிரில்லின் மிதியை அமுக்கியபடியே இருந்தது. பிறகு கை ஒரேயடியாக விடுபட்டு வழுக்கியது. அவள் கன்னத்தின் உள்பக்கம் கிழிந்தது.

மரத்துப்போயிருந்ததால் அவளுக்கு வலிக்கவில்லை. உறிஞ்சும் குழாயில் சிவப்பாக ஏறுவதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. கண்கள் பெரிதாயின. நான் பஞ்சை வைத்து அழுத்தினேன். டாக்டர் டிரில்லைத் தட்டில் வைத்தார். வைக்கவும் நேரமெடுத்தது. ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார், பிறகு தமிழில் கேட்டார். தையல் போடவேண்டிய அளவு இல்லை. ஆனால் பல்லில் பாதி தோண்டிய குழி இருந்தது. அதை அவர் அடைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த இன்னொரு டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, என்னையே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

வெயிலில் அவளோடு நடந்தேன். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, மரத்துப்போன வாயால், "அவருக்கு ஒடம்பு சரியில்லையா அக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

"பாவம்லா," என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தபோது டாக்டர் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தட்டைக் கழுவினேன். கழுவிக்கொண்டே, தாங்கமுடியாமல், "பெட்டி சும்மாதான டாக்டர் இருந்துச்சு," என்றேன்.

"கை ஆடுதோ எண்டுதான் நாங்கள் அதைக் கேட்டனாங்கள் பிள்ளை," என்றார். "கை நிண்டுபோகுமோ எண்டு கேக்கேல்லை."

அதன்பிறகு அவர் ஒரு நோயாளியையும் தொடவில்லை.

கிளினிக்கை இளம் டாக்டர் ஒருவர் எடுத்துக்கொண்டார். அவர் தன் ஆளையே கூட்டிவந்தார். நான் அலமாரிச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கினேன். வீட்டுக்காரர், தான் முன்பு சொன்னதைச் சொல்லிக்காட்டவில்லை. அந்த மட்டில் நல்ல மனுஷன்.

கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் வீட்டுக்குப் போய்வந்தேன். ஆன்ட்டிதான் வரச் சொன்னார். "அவர் ஒருத்தரோடையும் கதைக்கிறார் இல்லை. அந்தச் சாமானைக் கட்ட நீர் வந்தால் கதைப்பாரோ தெரியாது." சாப்பாட்டு மேசையில் கட்டைகளைப் பரப்புவோம். அவர் சொல்லச் சொல்ல நான் கோப்பேன். கிரேன் மாதிரி ஒரு கை செய்யலாம், கரண்டியைப் பிடிக்கவைக்கலாம் என்று ஆரம்பித்தோம். கரண்டியைப் பிடித்தது. தூக்கியது. வாய்ப்பக்கம் கொண்டுபோகும்போது பாரம் தாங்காமல் மூட்டு கழன்று, கஞ்சி மேசை விரிப்பில் கொட்டியது. பலப்படுத்தினேன். இன்னொரு இடத்தில் கழன்றது. அந்தக் கட்டைகளும் மோட்டாரும் சிறுபிள்ளைகள் விளையாடச் செய்தவை. ஒரு மனிதனுக்குச் சோறு ஊட்டச் செய்தவை இல்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் நாலைந்து ஞாயிறு அதையே செய்தோம். அடுத்த வாரம் நான் போனபோது, மேசையில் விரிப்பு மாற்றி, கட்டைகளைப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்திருந்தார்கள். டாக்டர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி டிவிப் பக்கம் திரும்பினார்.

மெல்பர்னில் இருக்கும் மகனிடம் போவதென்று முடிவானதும், வீட்டுச் சாமான்களை விற்றார்கள். கம்ப்யூட்டரையும் யாரோ வாங்கிப் போனார்கள். கட்டைகளை என்னிடம் கொடுத்தார்கள். எடுத்துக்கொள்ளச் சொன்னவர் ஆன்ட்டி. டாக்டர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் செய்த வண்டியையே மறுபடி கட்டினேன். அதன் கட்டளை பெட்டிக்குள் இன்னும் இருந்தது. ஹாலில் ஓடவிட்டேன். சோபாவில் முட்டி, பின்வாங்கி, திரும்பியது. எனக்குப் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுக்க ஆசை. ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஆகவே தெரிந்ததையே செய்யவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரி தீரும் நிலைக்கு வந்ததும், பழைய பேட்டரிகளைக் கழற்றி வைத்துவிட்டு, புதுப் பேட்டரி வாங்கக் கடைக்குப் போனேன். வழியில் தெரிந்தவர்கள் கிடைத்துப் பேசினேன். வந்து போட்டால், பெட்டிக்கு உயிர் வந்தது, ஆனால் வண்டி ஓடவில்லை. எந்தக் கட்டளையும் இல்லை. பேட்டரி இல்லாமல் அதிக நேரம் விட்டால், சொல்லிக்கொடுத்தது மட்டுமில்லை, சொல்லிக்கொடுத்தால் புரிந்துகொள்ளும் சக்தியே போய்விடுமாம். புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. கம்ப்யூட்டரில் இருந்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

டவுனில் சைபர் கஃபே ஒன்றுக்கு கட்டைகளோடு வந்த டிஸ்கையும் அந்தக் கறுப்புக் கோபுரத்தையும் பையில் போட்டு எடுத்துப் போனேன். கடைக்காரர் டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச் சாமான் எதையும் ஏற்றக்கூடாது, வைரஸ் வரும் என்றார். "யாருக்கு அக்கா இது, பிள்ளைக்கா?" என்று கேட்டார். எனக்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் ஃபேக்டரிகளில் மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். எலக்ட்ரானிக் சாமான் செய்யும் ஃபேக்டரி ஒன்றில் சேர்ந்தேன். நீல மேலங்கி, தலைக்குத் துணிக்குல்லா. நாள் முழுக்க ஒரு பூதக்கண்ணாடிக்குக் கீழே பச்சைத் தகடுகளைப் பார்த்து, ஈயம் ஒழுங்காக உருகாதவற்றை ஒதுக்க வேண்டும். நான் உட்காரும் வரிசைக்கு அந்தப்பக்கம் கண்ணாடிச் சுவர். அதற்குள் இயந்திரக் கைகள். பொட்டு அளவுச் சாமான்களை எடுத்து, தகட்டில் உரிய இடத்தில் வைத்துக்கொண்டே இருக்கும். வைக்கும், திரும்பும், எடுக்கும், வைக்கும். எடுத்தது கீழே விழுந்தால் நின்று சிவப்பு விளக்குப் போடும். அங்கே ஒரு சென்சார் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எதைக் கேட்க வேண்டுமோ அதைச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பகுதிக்கு மாற்ற முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். நல்ல பெண்தான், தமிழ்ப்பெண்தான்.

"அது டெக்னீஷியன் வேலை அக்கா. சர்ட்டிபிகேட் வேணும்."

"எனக்கு புரோகிராம் கொஞ்சம் தெரியும்."

"எங்க படிச்சீங்க?"

கிளினிக் கவுண்டரில் என்று எப்படிச் சொல்வது. "சும்மா, தெரிஞ்சவங்க வீட்டுல," என்றேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். நான் கண்ணாடிக்குக் கீழே குனிந்தேன்.

டிசம்பரில், எல்லோரும் இரண்டாயிரம் பிறக்கப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த நாட்களில், ஆன்ட்டி மெல்பர்னிலிருந்து போன் செய்தார். குளிர் விட்டுவிட்டது என்றார். பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள் என்றார். டாக்டர் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருக்கிறார் என்பதைக் கடைசியாகச் சொன்னார்.

"கொஞ்சம் நில்லும். உம்மோடை கதைக்கப் போறாராம்."

ரிசீவரை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. அந்த நோய் குரலையும் எடுத்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. டாக்டர் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். இடையில் நிறுத்தி, மறுபடி சொன்னார். அது கேள்வியா, செய்தியா என்றுகூட எனக்கு விளங்கவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்தினேன். ஹாலில் ஓடிய டிவியை நிறுத்தச் சொல்லி வீட்டுக்காரருக்குக் கையைக் காட்டினேன். அப்போதும் மூச்சைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

"சரி டாக்டர்," என்றேன். "சரி. சரிங்க டாக்டர்."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. நான் சொன்ன பதில் அவர் கேட்டதற்குப் பொருந்தியதா என்று தெரியாமல், லைன் அறுந்த பிறகும் சற்று நேரம் போனைப் பிடித்தபடியே நின்றேன்.